ஓப்பன்ரிஃபைன்: தேடுபொறியைக் குறை சொல்வதற்கு முன்னால்

பல மின்னூலகங்களின் பட்டியல்களை ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவருவது என் வேலை. ‘உ. வே. சாமிநாதையர்’ என்று ஒரு நூலகம் பதிந்திருக்கும், ‘சாமிநாதையர், உ. வே.’ என்று இன்னொன்று, வெறும் ‘உ.வே.சா.’ என்று மூன்றாவது. ஒரு வடிவத்தைத் தட்டுகிற வாசகருக்கு மற்றவை வராமல் போனால், அந்தப் புத்தகம் எங்குமே இல்லை என்றுதான் நினைப்பார். இருக்கிற புத்தகத்தை இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய தவறை ஒரு பட்டியல் செய்ய முடியாது. தேடுபொறியை மாற்றினால் இது தீராது, பதிவுகளைத்தான் சீராக்க வேண்டும். அதற்கு நான் நம்பியிருப்பது ஓப்பன்ரிஃபைன்.

பட்டியல் தரவுகளைச் சீராக்க உதவும் இலவசத் திறமூல மென்பொருள் இது. 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் வந்தது, பிறகு கூகுள் ரிஃபைன் ஆனது. 2012இல் கூகுள் விலகியதும் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கி இந்தப் பெயரை வைத்தார்கள். பிரவுசரில் திறந்தாலும் ஓடுவது நம் கணினியில்தான்.

முதலில் மொழிப் பத்தியில் (அதாவது, மொழியைக் குறிக்கும் நெடுவரிசையில்) ஃபேசெட் போட்டுப் பாருங்கள், அதில் உள்ள வெவ்வேறு மதிப்புகளைத் தொகுத்துக் காட்டும் வசதி அது. ஒரு நூலகம் ‘தமிழ்’ என்று எழுதியிருக்கும், இன்னொன்று இரண்டெழுத்து ஆங்கிலக் குறியீடு, வேறொன்று மூன்றெழுத்துக் குறியீடு. எல்லாம் எண்ணிக்கையோடு பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஒன்றைத் திருத்தினால் அந்த மதிப்புள்ள பதிவுகள் அத்தனையும் மாறும். மொழி வடிகட்டி ஒழுங்காக வேலை செய்ய இது போதும்.

பெயர்களுக்கு கிளஸ்டர் வசதி, ஒன்றாக இருக்கக்கூடிய வடிவங்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காட்டும். ‘ஃபிங்கர்பிரின்ட்’ முறை நிறுத்தற்குறிகளை நீக்கி, சொற்களை அகரவரிசையாக்கி ஒப்பிடுகிறது. அதனால் முன்னெழுத்து முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் பிடித்துவிடும். ‘உ.வே.சாமிநாதையர்’ என்று இடைவெளியே இல்லாமல் இருந்தால் கோட்டை விட்டுவிடும். பெயரைச் சிறு எழுத்துத் துண்டுகளாக வெட்டி ஒப்பிடும் என்-கிராம் முறையில் துண்டின் அளவை 1 ஆக்கினால் அதுவும் சிக்கும், ஆனால் அதே எழுத்துகள் வேறு வரிசையில் உள்ள பெயர்களும் கூடவே வரும். ஒலிப்பை வைத்துச் சேர்க்கும் முறைகள் ஆங்கிலம், ஜெர்மன் போன்றவற்றுக்காக எழுதப்பட்டவை. தமிழ் எழுத்தில் அவற்றை நம்ப வேண்டாம். எந்த முறையாக இருந்தாலும் சேர்க்கலாமா என்று முடிவு செய்வது நாம்தான். ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள், பிறந்த ஆண்டைப் பார்க்காமல் இணைத்துவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளும் உண்டு. ‘கொ’வில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போது பொருந்தாது. ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியிருப்பார்கள். ஒரு எழுத்துக்குள் என்னென்ன குறிகள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கட்டளை இதில் இருக்கிறது. சந்தேகமான சொல்லில் அதை ஓட்டிவிட்டு, தவறான குறிகளைச் சரியானவையாக மாற்றும் கட்டளை வரி ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும்.

‘உ.வே.சா.’ போன்ற சுருக்கத்தை எந்த கிளஸ்டரும் கண்டுபிடிக்காது. அங்கேதான் வெளித் தரவுத்தளத்தோடு பொருத்திப் பார்க்கும் ரீகன்சைல் வசதி கைகொடுக்கிறது. பெயர்ப் பத்தியை விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அடையாள எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றுப் பெயர் அங்கே பதிவாகியிருந்தால் எல்லா வடிவங்களும் ஒரே எண்ணில் வந்து சேரும். இணைய வேகத்தைப் பொறுத்து இதற்கு நேரம் பிடிக்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: மூலப் பத்தியின் மேலேயே திருத்தாதீர்கள். தேடலுக்கென்று புதுப் பத்தி உருவாக்கி அதில் சீராக்குங்கள். நூலகம் பதிந்த வடிவம் வாசகருக்கு அப்படியே தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

குறைகளும் உண்டு. பெரிய பட்டியலை ஏற்றினால் திணறும், அமைப்புக் கோப்பில் நினைவகத்தை நாமே கூட்ட வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்ய வழியில்லை. என்னை அதிகம் வருத்துவது வேறு. செய்த மாற்றங்களின் பட்டியலை ஜேசன் (JSON) என்ற உரை வடிவில் எடுத்து, அடுத்த முறை திரட்டும் பதிவுகளின் மேல் அப்படியே ஓட்டலாம். அருமையான வசதிதான், ஆனால் தனித்தனிக் கட்டமாகக் கையால் திருத்தியவை அதில் வருவதில்லை. அதனால் ஒற்றைப் பிழையாக இருந்தாலும் ஃபேசெட் வழியாகவே திருத்துகிறேன். புதிதாக வந்த பெயர் வடிவங்களுக்கு கிளஸ்டரை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும், பழைய ஜேசனுக்கு அவை தெரியாது. கையால் செய்த திருத்தங்களையும் சேர்த்து எடுக்கும் வசதியை இதை உருவாக்குபவர்கள் அடுத்த பதிப்பிலாவது கொண்டுவர வேண்டும்.