ஸ்டடி ஹவரா, சொந்த டைம்டேபிளா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பத்தாவது முடிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி: ஹாஸ்டல் பள்ளியா, பக்கத்து அரசுப் பள்ளியா?

ஹாஸ்டலில் எல்லாம் மணியடித்தபடி நடக்கும். விடியற்காலை எழுப்புவார்கள், ஸ்டடி ஹவரில் உட்கார வைப்பார்கள், தினம் ஒரு டெஸ்ட். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவிதான்.

பாலக்கோட்டிலிருந்து பஸ் பாஸில் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்த விரட்டல் கிடையாது. பிசிக்ஸில் எந்தப் பாடம் உதைக்கிறது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். வெறுமனே ‘படி, படி’ என்றால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை வாரத் திட்டத்தைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தப்பான கணக்குகளுக்குத் தனி நோட்டுப் போடச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் பாடப்புத்தகத்திலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஆரம்பத்தில் மார்க் சறுக்கலாம். அப்பாக்கள் அங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

பாடத்தின் பின்னாலுள்ள கேள்விகளை மட்டும் உருப்போட்டவர்கள், பிளஸ் டூவில் பாடத்துக்குள்ளிருந்து கேட்டால் திணறுகிறார்கள். 600-க்கு எழுதும் தேர்வில் அது சின்ன விஷயமில்லை.

என் ஓட்டு சொந்த டைம்டேபிளுக்கே. ஹாஸ்டல்தான் என்றால், முதலில் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல வீடுகளில் ஃபீஸ் கட்டிய பிறகுதான் அதற்கே விஷயம் தெரிகிறது.