பேட்டரி இறங்குதா? ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதா, பிடுங்காமலே அளப்பதா?

வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய பழைய சான்ட்ரோ திங்கள் காலை செல்ஃப் எடுக்கவில்லையா? முதல் சந்தேகம் பேட்டரி மேலேயே இருக்கட்டும். சென்னை வெயிலில் அது சீக்கிரமே தேயும். முழுசாக சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். 12.6 வோல்ட் காலையில் 12.2-க்கு வந்திருந்தால் பேட்டரிதான் போச்சு. வோல்ட் அப்படியே நின்றால் வண்டியில் கரண்ட் லீக்; சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்டை இழுக்கிறது. 35 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் கால் ஆம்பியர் கசிந்தால் நாளைக்கு 6 ஏ.எச்.; மூன்றே நாளில் பாதி காலி.

டெர்மினலைத் தொட்டுப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போதும் பொறி வரும். 5 வாட் டெஸ்ட் பல்பு பெரிய கசிவைக் காட்டும். 100 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டு முறைகளுக்கும்தான்: ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது, பிடுங்காமலே அளப்பது.

நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோத்து, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது எல்லா மெக்கானிக்கும் செய்வது. மொத்தக் கசிவு எவ்வளவு என்று இதில் துல்லியமாகத் தெரியும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை வேண்டாம். மீட்டர் கோத்திருக்கும்போது யாராவது சாவியைத் திருகினால் மீட்டருக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது.

ஆனால் இதன் பெரிய குறை அதுவல்ல. தூங்காமல் முழித்துக்கொண்டிருக்கும் அலாரம் யூனிட்டோ ஸ்டீரியோவோதான் பல வண்டிகளில் குற்றவாளி. டெர்மினலைக் கழற்றிய கணமே அது ரீசெட் ஆகி நல்ல பிள்ளையாகிவிடும். மீட்டர் 20 மில்லி ஆம்பியர் காட்டும், 'வண்டி ஓகே' என்று அனுப்பிவிடுவார்கள், அடுத்த வாரம் மறுபடி தள்ளு ஸ்டார்ட். பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் சொருகும்போதும் அந்த லைனில் இருப்பதெல்லாம் முழித்துக்கொள்ளும்; அளவு குழம்பும்.

அதனால் என் ஓட்டு மில்லிவோல்ட் முறைக்கு. ஃபியூஸ் வழியே கரண்ட் ஓடினால் அதன் இரு முனைகளுக்கும் நடுவில் துளி வோல்ட் வரும்; அதைத்தான் அளக்கிறோம். எதையும் கழற்ற வேண்டாம். சாவியை எடுத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, ரூம் லைட் அணைந்ததைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் விடுங்கள். மீட்டரை டி.சி. 200 மில்லிவோல்ட்டில் வைத்து, பிளேடு ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முனைகளை அழுத்துங்கள். 0.0 என்றால் அந்த லைனில் சொல்லும்படி எதுவும் ஓடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை சுமார் 7.5 மில்லி ஓம், ஆகவே 0.8 காட்டினால் ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர். 20 ஆம்பியர் ஃபியூஸில் அதே கசிவு 0.3 அல்லது 0.4தான் காட்டும். ஃபியூஸுக்கு ஃபியூஸ் கொஞ்சம் மாறும் என்பதால் இதைக் கணக்காக எடுக்காமல், எந்த லைன் என்று கைகாட்டும் அடையாளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் மீட்டரே போதும். அம்பாசடர், பத்மினி காலத்து ஃபியூஸ்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அங்கே எது பூஜ்யமில்லை என்று மட்டும் பாருங்கள்.

வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தால் டெர்மினலைக் கழற்றாமல் மொத்தக் கசிவையும் பார்க்கலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஏ.சி. மட்டும்தான். 10 மில்லி ஆம்பியர் போன்ற சின்ன அளவைக் காட்டாதது இந்த வேலைக்கு உதவாது.

லைன் தெரிந்ததும் அதில் வெளிக்கடையில் கூடுதலாக மாட்டியதை முதலில் பாருங்கள். சாவி இல்லாமலும் பாட்டு கேட்கணும் என்று ஸ்டீரியோவின் மஞ்சள், சிவப்பு வயர்களை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். சிவப்பைப் பிரித்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏ.சி.சி. லைனில் கொடுத்தால் தீர்ந்தது. அடுத்து டிக்கி லைட். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியென்றால் கால்மாட்டில் இருக்கும் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லா ஃபியூஸும் பூஜ்யம், மொத்தக் கசிவு மட்டும் 400 மில்லி ஆம்பியர் என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடைச் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) சந்தேகப்படுங்கள். அதன் தடித்த வயர் ஃபியூஸ் பாக்ஸின் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாகப் போவதில்லை. இங்கே மட்டும் டெர்மினலைக் கழற்றியே ஆகணும். நெகட்டிவை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரில் அந்தத் தடித்த வயரைப் பிடித்திருக்கும் பி பிளஸ் நட்டைக் கழற்றி, வயர் முனையில் டேப் சுற்றி, நெகட்டிவை மாட்டி மறுபடி அளங்கள். கசிவு நின்றிருந்தால் டயோடு பிளேட்டை மாற்றினால் போதும். முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவையில்லை.