அஞ்சு தடவ படுத்த லேப்டாப்: சர்வீஸ் சென்டரா, 1915-ஆ, கன்ஸ்யூமர் கோர்ட்டா?

ஒரே லேப்டாப் திரும்பத் திரும்ப படுத்துக்கிச்சுன்னா, வாரண்டி இருக்கும்போதே புதுசா மாத்திக் கேக்க நம்ம ஊர்ல மூணு வழி இருக்கு. சர்வீஸ் சென்டர்லயே ரிப்பேர் பாத்து பாத்து அவங்களா மாத்தித் தர்ற வரைக்கும் ஓட்டுறது ஒண்ணு. கம்பெனிக்கு எழுத்துல மாத்திக் குடுன்னு கேட்டுட்டு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-லயும் பதிவு பண்றது ரெண்டாவது. நேரா மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல, அதாவது நாம கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு சொல்றதுல, கேஸ் போடுறது மூணாவது. முதல் வழில ஏழு மாசம் அலைஞ்சேன், ரெண்டாவது வழில 26 நாள்ல புது மெஷின் கைக்கு வந்துருச்சு. அதனால ரெண்டாவது பக்கம்தான் சாஞ்சு பேசுவேன், முன்னாடியே சொல்லிடுறேன். மூணாவதுக்கு மனு வரைக்கும் எழுதி ரெடியா வெச்சிருந்தேன், படியேற வேண்டி வரல.

நான் வீட்ல இருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்குறவன். 2023 ஆடித் தள்ளுபடியில 61,990 ரூபாய்க்கு வாங்குன லேப்டாப், ஒரு வருஷ வாரண்டி. நவம்பர் கடைசில மொதல் தடவ வேலை பாத்துட்டு இருக்கும்போதே தானா ஆஃப் ஆச்சு, விண்டோஸ மறுபடி ஏத்தி குடுத்தாங்க, 9 நாள். ஜனவரில மதர்போர்டு மாத்துனாங்க, 14 நாள். மார்ச்ல 12 நாள் வெச்சிருந்துட்டு ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுத்தாங்க. மே மாசம் மறுபடியும் மதர்போர்டு, 19 நாள். அப்புறம் ஜூன் 19 ராத்திரி பத்தரை மணிக்கு, மறுநாள் 3பி, அதாவது மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு கடைசி நாள், ஒரு மளிகைக் கடைக்காரரோட கணக்கு பாதில நிக்கும்போது ஸ்க்ரீன் இருட்டாச்சு, ஃபேன் ரெண்டு செகண்ட் சுத்தி நின்னுச்சு, பவர் பட்டன அமுக்குனா கேப்ஸ் லாக் லைட்டு மட்டும் விட்டு விட்டு மின்னுது. மச்சினன் வீட்டுக்குப் போய் அவன் சிஸ்டத்த வாங்கிட்டு வந்து விடிகாலை நாலு மணி வரைக்கும் உக்காந்து முடிச்சேன். ஒரு ரிட்டர்ன் ஒரு நாள் லேட்டானா 50 ரூபா லேட் ஃபீ, வரி பாக்கி இருந்தா அதுக்கு 18% வட்டி வேற, ஆனா காசுகூட பரவால்ல, நம்மள நம்பி பில்லுக் கட்டையே தூக்கிக் குடுத்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்றது. அந்த ராத்திரிதான் இனிமே ரிப்பேருக்குக் குடுக்குறதில்ல, மாத்தித்தான் கேக்கணும்னு முடிவு பண்ணேன்.

முதல் வழியப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. சர்வீஸ் சென்டர்ல இருக்குறவங்க நல்லவங்கதான், ஆனா மாத்திக் குடுக்குற அதிகாரம் அவங்க கையில கெடையாது, பெரும்பாலும் அது தனி ஏஜென்சி, பார்ட்டு வந்தா போடுவாங்க, வரலன்னா காத்திருப்பாங்க. அவங்ககிட்ட சத்தம் போட்டு பிரயோஜனம் இல்ல. மொத ஏழெட்டு நாளுக்குள்ள படுத்துச்சுன்னா மட்டும் கதை வேற. அப்போ கடைக்காரர்கிட்டயும் கம்பெனிகிட்டயும் உடனே பேசுங்க, வாங்குன சில நாளுக்குள்ள போனா ரிப்பேர் இல்லாம நேரா மாத்திக் குடுக்குற பாலிசி நெறைய பேர்கிட்ட இருக்கு. அந்த நாள் கடந்துருச்சுன்னா ரிப்பேர் வண்டிலதான் ஏத்தி விடுவாங்க. இன்னொண்ணு, அவசரத்துக்கு தெரிஞ்ச மெக்கானிக்க விட்டு தொறக்க வேணாம். உள்ள வேற ஆள் கை வெச்சிருக்குன்னு ஒரு வரி எழுதிட்டாங்கன்னா மூணு வழியும் சேந்து சிக்கலாயிடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எந்த வழில போனாலும் கடைசில எல்லாரும் கேக்குறது ஒரே காகிதம்தான், ஜாப் ஷீட், அதாவது ரிப்பேருக்கு குடுக்குறப்பவும் திருப்பி வாங்குறப்பவும் சர்வீஸ் சென்டர்ல எழுதித் தர்ற சீட்டு. எத்தன தடவ படுத்துச்சுன்னு நம்ம வாய் சொல்றது கணக்கே இல்ல, ஜாப் ஷீட் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. இத நான் கத்துக்கிட்டது நஷ்டப்பட்டுத்தான். நவம்பர்ல குடுத்த ஜாப் ஷீட்ட படிக்காமலே மடிச்சு பையில வெச்சுட்டேன். அதுல புகார் கட்டத்துல "சிஸ்டம் ஸ்லோ"ன்னு போட்டிருந்துச்சு, முடிச்ச கட்டத்துல "ஓஎஸ் ரீலோட்"னு போட்டிருந்துச்சு. பின்னாடி கம்பெனிகாரங்க மெயில்ல, மொத தடவ வந்தது சாஃப்ட்வேர் பிரச்சினை, அது ஹார்டுவேர் ஃபெயிலியர் கணக்குல வராதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவ அப்படியே போச்சு. ஜனவரில ஜாப் ஷீட்டே கையில குடுக்கல, மெயில்ல வரும்னாங்க, வரல, அத வாங்க நான் மூணு தடவ போக வேண்டியிருந்துச்சு.

மார்ச்ல உஷாராயிட்டேன். கவுன்ட்டர்ல இருந்த தம்பி மறுபடியும் சிஸ்டம் ஸ்லோன்னே அடிச்சாரு. "தம்பி, ஸ்லோ இல்லப்பா, வேலை பாக்கும்போதே தானா ஆஃப் ஆகுது, அப்புறம் அரை மணி நேரம் ஆன் ஆக மாட்டேங்குது, இத அப்படியே போடுங்க"ன்னேன். "சார், லிஸ்ட்ல அந்த ஆப்ஷன் இல்ல சார்"னாரு. "அப்போ கீழ ரிமார்க்ஸ்ல கையால எழுதி சீல் வெச்சுக் குடுங்க, நான் நிக்கிறேன்"ன்னேன். நீல மை பேனால எழுதி, சீல் குத்தி, தேதி போட்டுக் குடுத்தாரு. கடைசில அந்த ஒரு வரியத்தான் கம்பெனிகாரங்களால மறுக்க முடியல. 12 நாள் கழிச்சு திருப்பி வாங்கும்போது "ஃபால்ட் நாட் ஃபவுண்ட்"னு பிரின்ட் பண்ணி கையெழுத்து கேட்டாங்க, கையெழுத்துக்கு மேல "பிரச்சினை தீரவில்லை, ஓட்டிக் காட்டவில்லை"ன்னு எழுதிட்டுத்தான் போட்டேன்.

அதனால ஒவ்வொரு தடவையும் ஜாப் ஷீட்ல குடுத்த தேதி, திருப்பி வாங்குன தேதி, நம்ம மெஷினோட சீரியல் நம்பர், நாம சொன்ன புகார் நாம சொன்ன மாதிரியே, என்ன பார்ட்டு மாத்துனாங்க, இத்தனையும் இருக்கான்னு கவுன்ட்டர்லயே நின்னு படிங்க. பின்னாடி ஆள் நின்னாலும் பரவால்ல. வெளிய வர்றதுக்குள்ள போன்ல போட்டோ எடுத்துருங்க, சில தாள்ல எழுத்து நாள் ஆக ஆக மங்கிடுது. கூடவே வீட்ல படுக்கும்போது வீடியோ எடுங்க, ஸ்க்ரீனும் மெஷினுக்கு அடில இருக்குற சீரியல் ஸ்டிக்கரும் ஒரே வீடியோல வர்ற மாதிரி. விண்டோஸ்ல ஸ்டார்ட் மெனுல ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு தேடுனா எந்தெந்த தேதில சரியா ஆஃப் ஆகாம நின்னுச்சுன்னு சிவப்பு பெருக்கல் குறி போட்டு காட்டும், அதையும் படம் எடுத்து வெச்சுக்கலாம். விண்டோஸோட பதிவுகள காட்டுற ஈவென்ட் வியூவர்ல கர்னல் பவர் 41-ன்னு ஒண்ணு வரும், அது மெஷின் முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், போர்டுதான் காரணம்னு சொல்லாது, அத வெச்சு ரொம்ப வாதாட வேணாம், தேதிக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

இதெல்லாம் கையில இருந்தா ரெண்டாவது வழி சுலபம். ஜூன் 22-ஆம் தேதி கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும், அவங்க வெப்சைட்ல போட்டிருக்குற குறைதீர் அதிகாரி மெயிலுக்கும் ஒரே மெயில் போட்டேன். கோவத்த கொட்டல. தேதி வாரியா அஞ்சு வரி, மொத நாலுக்கும் ஜாப் ஷீட் நம்பர், கடைசில மொத்தக் கணக்கு: பத்தரை மாசத்துல 54 நாள் மெஷின் என் கையில இல்ல, ஒரே கோளாறு ரெண்டு மதர்போர்டு மாத்துன அப்புறமும் வந்திருக்கு. அஞ்சு தடவன்னு சொல்றத விட 54 நாள்னு சொன்னதுக்குத்தான் வேல்யூ இருந்துச்சு. தடவைய குறைச்சுக் காட்டலாம், அவங்களே போட்ட தேதிய கழிச்சு வர்ற நாள குறைக்க முடியாது. எத்தன தடவ ரிப்பேரானா மாத்தணும்னு நம்ம சட்டத்துல எண்ணிக்கை எதுவும் கெடையாது. இங்கிலாந்துல 2015 சட்டப்படி ஒரு தடவ ரிப்பேர் பண்ணியும் சரியாகலன்னாலே பொருள வேணாம்னு திருப்பிக் குடுக்கலாம், இங்க அப்படி இல்ல, அதனாலதான் கணக்க நாமதான் எழுதிக் காட்டணும். அப்புறம் "ரிப்பேர் வேண்டாம், புது மெஷின் கேக்குறேன், 15 நாள்ல பதில் வேணும், இல்லன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கமிஷனுக்குப் போவேன்"னு தெளிவா ஒரு வரி. நாலு தடவ போனப்பவும் மாத்திக் குடுங்கன்னு எழுத்துல நான் கேக்கவே இல்லங்கிறது அப்பதான் உறைச்சது.

மொத பதில் வழக்கமானதுதான், இன்னொரு தடவ சென்டருக்கு கொண்டு வாங்க, சீனியர் இன்ஜினியர் பாப்பாருன்னு. ஜூலை 1-ஆம் தேதி 1915-க்கு போன் போட்டேன், தமிழ்லயே பேசலாம், டாக்கெட் நம்பர், அதாவது புகார் நம்பர், ஒண்ணு குடுத்தாங்க, பில்லும் ஜாப் ஷீட்டும் ஆன்லைன்ல ஏத்தினேன். காசு கெடையாது. ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கணும், 1915 தீர்ப்பு சொல்ற இடம் இல்ல, மத்திய நுகர்வோர் துறை நடத்துற ஹெல்ப்லைன், கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவாங்க, மாத்திக் குடுன்னு உத்தரவு போட முடியாது. ஆனா அங்க இருந்து போற புகார் கம்பெனில வேற மேஜைக்குப் போகுதுன்னு தோணுது, ஏன்னா ஆறாவது நாள் எனக்கு போன் வந்தது சர்வீஸ் சென்டர்ல இருந்து இல்ல, கம்பெனியோட மேல் லெவல்ல இருந்து. எல்லா கம்பெனியும் இவ்ளோ சீக்கிரம் அசையும்னு என் ஒரு அனுபவத்த வெச்சு சொல்ல மாட்டேன்.

மூணாவது வழிய நான் குறைச்சுச் சொல்லல, அதுக்குத்தான் உண்மையான பல்லு இருக்கு. மாத்திக் குடு, பணத்த வட்டியோட திருப்பிக் குடு, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு குடுன்னு உத்தரவு போட முடிஞ்ச இடம் இந்த மூணுல கமிஷன் மட்டும்தான். 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு கோர்ட் ஃபீஸ் கெடையாது, வக்கீல் இல்லாம நாமளே வாதாடலாம், 2019 சட்டம் வந்த அப்புறம் கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம இருக்குற மாவட்டத்துலயே போடலாம், நுகர்வோர் கமிஷன்களோட இ-ஜாக்ரிதி தளத்துல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதனால வாரண்டி முடிஞ்சிருச்சே எல்லாம் போச்சேன்னு உக்காந்துற வேணாம். ஆனா நேரம்? மூணு மாசம், பொருள லேப்ல டெஸ்ட் பண்ணணும்னா அஞ்சு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில வாய்தா இழுக்கும், எங்க சித்தப்பா ஒரு ஃபிரிட்ஜுக்கு போட்டது ஒன்றரை வருஷம் ஓடி ஜெயிச்சாரு. மாசாமாசம் 20-ஆம் தேதி ரிட்டர்ன் வர்ற எனக்கு அவ்ளோ நாள் மெஷின் இல்லாம முடியாது. கூடவே தொழிலுக்கு வாங்குனது நுகர்வோர் கணக்குல வராதுன்னு ஒரு வாதம் வைப்பாங்க. சொந்த உழைப்புல பொழப்பு நடத்த வாங்குனதுன்னா சட்டமே விலக்கு குடுக்குது, ஆனா பில்லுல நிறுவனப் பேரு, ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கியிருந்தா அந்த வாதத்துக்கு தீனி போட்ட மாதிரி ஆயிடும். என் பில்லு என் சொந்தப் பேர்ல இருந்துச்சு.

கம்பெனில இருந்து போன் பண்ணவங்க ரெண்டு சாய்ஸ் குடுத்தாங்க. பணமா வேணும்னா ஓடுன மாசத்துக்கு கழிச்சுக்கிட்டு தருவோம்னாங்க, கழிச்சா 43 ஆயிரத்து சொச்சம் வரும். மெஷினா வேணும்னா என் மாடல் வர்றது நின்னுருச்சு, அதுக்கு சமமானது. மெஷின்னே சொன்னேன், ஆனா போன்ல ஒத்துக்கல, மாடல் நம்பர், ரேம், எஸ்எஸ்டி, ஸ்க்ரீன் எல்லாத்தையும் மெயில்ல போடுங்கன்னேன். மொதல்ல 8 ஜிபி ரேம் உள்ளத அனுப்புனாங்க, பழசுல 16 இருந்துச்சு, அத பில்லோட காட்டுன அப்புறம் வேற மாடல் வந்துச்சு. பிரிச்ச பெட்டியா, பிரிக்காத பெட்டியான்னும் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. வாரண்டிய பொறுத்தவரைக்கும் புது மெஷின்னா புது வருஷம்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்ல, பழசுல மிச்சம் இருந்தது மட்டும்தான்னாங்க, எனக்கு மிச்சம் 18 நாள். அதுக்கும் ஒரு மெயில் போட்டு 90 நாள் வாங்கினேன்.

பழசக் குடுக்குறதுக்கு முன்னாடி டேட்டாவ எடுத்துருங்க, எஸ்எஸ்டியும் சேந்துதான் போகும். டேட்டாவ பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து முன்னாடியே எழுதி வெச்சுக்கணும். மே மாசம் மதர்போர்டு மாத்தி வந்த அன்னைக்கு 48 இலக்க நம்பர் கேட்டு நின்னுருச்சு, நாலு கடைக்காரங்களோட டேலி கணக்கு உள்ள, அந்த அரை மணி நேரம் எனக்கு உயிரே இல்ல.

ஜூலை 18, ஆடி பொறந்து ரெண்டாம் நாள், பெட்டி வந்துச்சு. டெலிவரி பையன் நிக்கும்போதே சீல பாத்து, சீரியல் நம்பர மெயில்ல வந்த நம்பரோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்தேன். பழைய பில்லுல பழைய சீரியல்தான் இருக்கும், நாளைக்கு வாரண்டி கேட்டாலும் வித்தாலும் இது அந்த மெஷின் இல்லையேன்னு கேள்வி வரும், அதனால இந்த சீரியலுக்குப் பதிலா இந்த சீரியல் குடுத்தோம்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் கேட்டேன். அதுக்கு இன்னும் ஒம்பது நாள் ஆச்சு. வந்ததும் பழைய பில்லோட சேத்து பின் அடிச்சு, நாலு ஜாப் ஷீட்டோட ஒரே கவர்ல போட்டு பீரோல வெச்சிருக்கேன்.