ரெயின்டிராப் கேக் கிட் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

வெயில் ஏற ஏற ரீல்ஸில் ரெயின்டிராப் கேக் என்ற அந்தக் கண்ணாடி மாதிரியான ஜெல்லி உருண்டை வர ஆரம்பித்துவிட்டது. கூடவே "வீட்டிலேயே செய்யலாம், ஒரிஜினல் ஜப்பான் கிட், 100% சைவம்" என்ற விளம்பரமும். நான் 849 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் பச்சைப் புள்ளி இருந்தது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் அச்சு, பெயரே இல்லாத வெள்ளைப் பொடிப் பொட்டலம், கறுப்புப் பாகு ஒரு குப்பி, "கினாகோ" என்று ஒரு சின்ன பாக்கெட். கினாகோ என்றால் வறுத்த சோயா மாவு. இதிலோ அப்பட்டமான பொட்டுக்கடலை வாசனை. கறுப்புச் சர்க்கரையில் காய்ச்ச வேண்டிய பாகு, குளுக்கோஸ் சிரப்பும் கேரமல் நிறமும்தான். குப்பியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரி, இதையெல்லாம்கூட விட்டுவிடலாம்.

வெள்ளைப் பொடியை விட முடியாது. வெந்நீரில் கரைத்ததும் ஒரு கவிச்சி வாடை. ஃபிரிட்ஜில் அழகாக உறைந்தது. வெளியே எடுத்து வைத்தால், மாமியார் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் தட்டில் பிசுபிசுவென்று குளம் கட்டிவிட்டது. அவர் முட்டைகூடத் தொடாதவர்.

விற்றவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது: "மேடம், ஒரிஜினலும் 30 நிமிடத்தில் உருகிவிடும். அதுதான் இதன் ஸ்பெஷல்."

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை. யமனாஷி மாகாணத்து ஹொகுதோவில் கின்செய்கென் என்ற இனிப்புக்கடை 2013இல் கொண்டுவந்த மிசு ஷிங்கென் மோச்சிதான் இதன் மூலம். கோடையில் மட்டும் விற்பார்கள், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்வார்கள். 2016இல் நியூயார்க்கில் ரெயின்டிராப் கேக் என்று விற்ற பிறகுதான் உலகமெல்லாம் தெரிந்தது. ஆனால் அது உருகுவதில்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரை மிகக் குறைவாகப் போடுவதால் தண்ணீர் மெல்லக் கசிந்து உருண்டை சுருங்கித் தளரும், அவ்வளவுதான். உறைந்த அகர் அகர் திரும்ப உருக 85 டிகிரி பக்கம் சூடு வேண்டும். சித்திரை வெயிலுக்கெல்லாம் அது அசையாது. 35 டிகிரிக்குள்ளேயே இளகி ஓடுவது ஜெலட்டின், அதாவது மாட்டின், பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது.

சந்தேகமிருந்தால் உறைந்த துண்டு ஒன்றைக் குடிக்கிற சூட்டில் இருக்கும் டீயில் போட்டுப் பாருங்கள். அகர் அகர் அப்படியே கிடக்கும், ஜெலட்டின் காணாமல் போகும். எங்கள் வீட்டுத் துண்டு காணாமல் போனது.

ஜெலட்டின் சேர்த்த பொருளுக்கு அசைவக் குறிதான் போட வேண்டும், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பெட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருக்க வேண்டும். இதில் இருந்தது 11 இலக்கம்! விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்ல 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளில் விற்பவருக்கு இடமில்லை. "உணவுப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றவர், நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து புகார் எண்ணை அனுப்பியதும் பணத்தைப் போட்டுவிட்டார். மன்னிப்பு ஒரு வரிகூட இல்லை.

செய்து பார்க்க ஆசை இருந்தால் கிட் தேவையே இல்லை. அசைவக் குறி இல்லாத, பொருள் பட்டியலில் அகர் அகர் மட்டும் உள்ள பொடியாக வாங்குங்கள். முக்கால் கப் தண்ணீருக்கு எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன். கரைத்து ஓரிரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையாது. குழிக் கிண்ணத்தில் ஊற்றி ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். லேசாகக் கலங்கல் தெரியும். கண்ணாடி மாதிரியே வேண்டும் என்பதற்காக ஜப்பானில் பலர் கராஜீனன் சேர்ந்த பொடியில் செய்கிறார்கள், அதுவும் கடற்பாசியிலிருந்து வருவதுதான். மேலே ஊற்ற வெல்லப்பாகே போதும்.

அந்த விற்பனைப் பக்கம் இன்னும் இருக்கிறது. நான் எழுதிய ரிவ்யூவை மட்டும் காணோம். ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டி, பொட்டலம், விளம்பரம் மூன்றையும் இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.