500 ஜிஎஸ்எம் கறுப்பு ஷீட்: தோட்டக் குளத்துக்குத் தாங்குமா?

பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட்டை இப்போது வீட்டுத் தோட்டக் குளத்துக்கும் பலர் வாங்குகிறார்கள். வாங்கலாம். மூன்றடிக்கு மேல் ஆழம் போகாத குளத்துக்கு 500 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம் எடையுள்ள ஷீட், தாராளம். சிமெண்ட் தொட்டி மாதிரி வெடிப்பு விடுமோ என்ற கவலை இல்லை. ஒரே நாளில் விரித்துத் தண்ணீர் விட்டுவிடலாம். ஒரே குறை, ரப்பர் போல இழுபடாது. ஓட்டை விழுந்த ஷீட்டுகளில் பெரும்பாலானவை மடிப்பிலும் கரையோரத்திலும்தான் கெடுகின்றன. தரைப்பகுதி அப்படியே நல்லபடியாக இருக்கும்.

நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு இரு பக்கமும் ஒவ்வோர் அடி சேர்த்தால் ஷீட்டின் நீளம். அகலத்துக்கும் இதே கணக்கு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 16க்கு 12 ஷீட் வேண்டும். கடையில் விரித்துப் பார்க்க இடம் இருக்காது, எடை போடச் சொல்லுங்கள். 192 சதுர அடி என்பது சுமார் 17.8 சதுர மீட்டர். சரியான 500 ஜிஎஸ்எம் என்றால் ஒன்பது கிலோவை ஒட்டி வரும். ஆறு கிலோ சொச்சம்தான் வருகிறதென்றால் உங்கள் கையில் இருப்பது 350 ஜிஎஸ்எம். ஐஎஸ் 15351 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் தேக்கும் நெய்த எச்டிபிஇ ஷீட்டுக்கான இந்தியத் தர எண் அது.

ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்திவிட்டு விரித்துப் பாருங்கள், மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். மேல்பூச்சு அங்கே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பாரம் ஏறி, வெயிலும் பட்டால் முதலில் விரிவது அந்தக் கோடுதான். அதனால் குழியைச் சதுர மூலை இல்லாமல் வளைவாக வெட்டுங்கள். சுவரைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இறக்குங்கள். ஷீட்டை வெயிலில் ஒரு மணி நேரம் காயப்போட்டால் இளகிக் கொடுக்கும். பத்துச் சின்ன மடிப்பைவிட ஒரு பெரிய, தளர்வான மடிப்பு நல்லது. தண்ணீரை மெதுவாக ஏற்றி, ஏற ஏற மடிப்பை நீவி விடுங்கள். கரையை அதுவரை கல் வைத்து இறுக்கக் கூடாது. இறுக்கினால் ஷீட் அந்தரத்தில் இழுத்து நிற்கும்.

அடியில் கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு இரண்டு அங்குலம் சலித்த மணல். சரிவில் மணல் நிற்காது, அங்கே ஜியோடெக்ஸ்டைல் துணியோ இரட்டையாகப் போட்ட பழைய பிளாஸ்டிக் உரச்சாக்கோ போடலாம். சணல் சாக்கு வேண்டாம், மக்கிவிடும். மூங்கில் புதர் பக்கத்தில் குளமே வேண்டாம். அதன் குருத்து ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வரும். தாமரைத் தொட்டியை இறக்கும்போது அடியில் ஒரு துண்டு ஷீட் வைத்துவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் குறைந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளக்கரையில், அதே வெயில் படும் இடத்தில் வையுங்கள். இரண்டு நாள் கழித்து வாளியிலும் குளத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியானதுதான். குளத்தில் நன்றாகக் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. எங்கே வந்து நீர்மட்டம் நிற்கிறதோ அந்த மட்டத்தைச் சுற்றித் தேடுங்கள். எம்-சீல், ஃபெவிகால் எதுவும் எச்டிபிஇயில் பிடிக்காது, ஒரு வாரத்தில் உரிந்து வந்துவிடும். இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவைத்து பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டலாம்; ஹாட் ஏர் கன்னால் அதே ஷீட் துண்டை உருக்கி ஒட்டுவது இன்னும் உறுதி. நீர்மட்டத்துக்கு மேலே வெயிலில் தெரியும் பட்டையைக் கல்லாலோ மண்ணாலோ மூடாமல் விட்டால் ஒட்டு வேலைக்கு முடிவே இராது.

குளத்துக்குள் படிக்கட்டு மாதிரித் தட்டுகள், வளைந்து நெளிந்த வடிவம், பாறை அலங்காரம் என்று திட்டம் இருந்தால் இந்த ஷீட்டை விட்டுவிட்டு 1 மில்லிமீட்டர் இபிடிஎம் ரப்பர் ஷீட் வாங்குங்கள். விலை பல மடங்கு; ஆனால் வளைவுக்கெல்லாம் படிந்து உட்காரும்.

எந்த ஷீட்டானாலும் ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை வற்றவைத்துக் கழுவாதீர்கள். நிலத்தடி நீர் மேலேறி, பாரமில்லாத ஷீட்டை அடியிலிருந்து உப்பித் தூக்கிவிடும். கழுவும் வேலையை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.