வருஷ வாசிப்பு இலக்கு: குட்ரீட்ஸா, ஸ்டோரிகிராஃபா?

ஜனவரி பிறந்ததும், படித்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் குட்ரீட்ஸ் ஆப் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும், இந்த வருஷம் எத்தனை புத்தகம்? எதைப் படிக்கப் போகிறீர்கள், ஏன் படிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்காது. ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் போதும், அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை அது உங்களுக்குக் கணக்குப்பிள்ளை. இலக்கு வைத்துப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் பல வருஷம் இதில்தான் கணக்கு வைத்திருந்தேன், இப்போது அதே மாதிரி இன்னொரு ஆப்பான ஸ்டோரிகிராஃபையும் கூடவே வைத்திருக்கிறேன். இரண்டையும் புழங்கியதில் எனக்குப் பட்டது இதுதான்: எண்ணிக்கையை வைத்து இலக்கு போட்டால், அந்த எண் நாம் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதையே மாற்றிவிடும்.

குட்ரீட்ஸ் 2007-ல் வந்தது, 2013-ல் அமேசான் அதை வாங்கியது. வாசிப்புச் சவாலை, அதாவது இந்த வருஷ இலக்கைப் பொறுத்தவரை விஷயம் ரொம்ப எளிது. புத்தகத்தைப் 'படித்தது' என்று அலமாரியில் போட்டு, முடித்த தேதியையும் குறிக்க வேண்டும், அந்தத் தேதி நடப்பு வருஷத்துக்குள் இருந்தால்தான் கணக்கில் ஏறும். (புத்தகத்தைச் சேர்த்துவிட்டேன், எண் ஏறவே இல்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.) மறுவாசிப்பையும் தேதியோடு சேர்த்தால் எண்ணிக்கொள்ளும். இலக்கை வருஷ நடுவில் கூட்டலாம், குறைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த வாசகம். 'அட்டவணைப்படி 2 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்.' இதற்குப் பின்னால் இருப்பது வெறும் வகுத்தல்தான். 24 புத்தகம் என்று போட்டிருந்தால் ஜூன் முடிவில் 12 முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் அந்த நேரம் 900 பக்கப் புத்தகம் ஒன்றின் நடுவில், அதுவும் நன்றாக ஊறிப்போய் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இங்கேதான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. பொன்னியின் செல்வன் 5 பாகம். தனித்தனிப் புத்தகமாக வைத்திருந்தால் 5, ஒரே தொகுதியாக வைத்திருந்தால் 1. கதை அதேதான், வாசித்த நேரமும் அதேதான். ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல், முழுதாக முடிப்பவருக்கு 26 என்று விழும், ஆனால் அதில் ஒன்றைப் படிக்கிற நேரத்தில் நாலைந்து குறுநாவல்களை முடித்துவிடலாம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ருஷ்ய நாவலுக்கும் ஒன்று, அறுபது பக்கக் கவிதைத் தொகுப்புக்கும் ஒன்று. இது தெரிந்ததும் கை தானாக ஒல்லியான புத்தகத்துக்குப் போகும். அக்டோபர், நவம்பரில் பாருங்கள், இலக்கு வைத்திருப்பவர்கள் பட்டியலில் திடீரென்று குறுநாவல்களும் நாடகங்களும் கவிதைத் தொகுப்புகளுமாக வரிசை கட்டும். குறுநாவல் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கவிதைத் தொகுப்பை ஒரே மாலையில் 'முடிப்பது' என்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை, நாளுக்கு ரெண்டு கவிதை என்று ஒரு மாசம் மேசையில் கிடக்க வேண்டிய புத்தகம் அது. ஆக, தடித்தது தள்ளிப் போகிறது, மெல்லியது அவசரப்படுகிறது, இரண்டுக்கும் நஷ்டம்.

பழைய வருஷங்களின் பட்டியலை இப்போது புரட்டினால் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டிசம்பர் தேதி போட்ட சில புத்தகங்களில் யார் கதாநாயகன் என்றுகூட நினைவில்லை. பிப்ரவரியில் தொடங்கி மே வரை இழுத்த ஒரு தடித்த வரலாற்றுப் புத்தகம் மட்டும் அத்தியாய வாரியாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு உதவியது நட்சத்திரமும் இல்லை, சவாலும் இல்லை, விமர்சனப் பெட்டியில் எனக்காக எழுதி வைத்த துண்டு வரிகள். 'வரி வசூல் அத்தியாயம், சலிப்பு, ஆனால் கடைசி மூணு பக்கத்தில் எல்லாம் திரும்பிவிடுகிறது.' 'கடிதம் வரும் இடத்தைப் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.' இப்படி ரெண்டு வரி இருந்தால் அந்தப் புத்தகமே திரும்பி வந்துவிடுகிறது. இந்த ஆப்களில் உருப்படியான விஷயம் இதுதான் என்பேன், தேதியும் ரெண்டு வரிக் குறிப்பும்.

ஸ்டோரிகிராஃபுக்கு வருகிறேன். நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் உருவாக்கியது. குட்ரீட்ஸிலிருந்து உங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி இங்கே ஏற்றிக்கொள்ளலாம், முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டாம். இதில் இலக்கைப் புத்தக எண்ணிக்கையில் மட்டுமல்ல, பக்கத்திலும் வைக்கலாம், ஒலிப்புத்தகம் கேட்பவர்கள் மணிக்கணக்கிலும் வைக்கலாம். பக்க இலக்கு வைத்தவுடனே தடித்த புத்தகத்தின் மேல் இருந்த பயம் பாதி போய்விடும், 900 பக்கம் 900 பக்கமாகவே எண்ணப்படும். பாதியில் விட்டதைப் பாதியில் விட்டது என்றே குறிக்கலாம். எந்த மனநிலைப் புத்தகங்களை அதிகம் படிக்கிறோம், வேகமாக நகர்பவையா மெதுவானவையா என்றெல்லாம் வரைபடம் போட்டுக் காட்டும். முதல் தடவை பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கும், அப்புறம் நான் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பக்கம் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், எழுத்துரு பெரிதானால் பக்கமும் கூடும். தமிழ்ப் புத்தகம் படிப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பல பதிப்புகளுக்குப் பக்க எண்ணிக்கையே பதிவாகியிருக்காது, நாமே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் படித்தது பக்கக் கணக்கில் ஏறாது. குட்ரீட்ஸிலும் ஒரே தமிழ் நாவல் தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை என்று இரண்டு பதிவாகக் கிடப்பது சகஜம். அங்கே 'நூலகர்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் இதையெல்லாம் ஒன்றுசேர்த்துத் திருத்துகிறார்கள், புண்ணியவான்கள்.

குட்ரீட்ஸை விட்டுவிடலாமா என்றால், வேண்டாம். நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், தமிழ்ப் புத்தகத்துக்கு நாலு பேர் எழுதிய கருத்து தேடினாலும் அங்கே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். வருஷக் கடைசியில் அது தரும் தொகுப்புப் பக்கத்தில் மிக நீளமான புத்தகம், மிகச் சிறியது, சராசரி நீளம் எல்லாம் வரும். அதில் எத்தனை புத்தகம் என்பதைத் தாண்டி அந்தச் சராசரி நீளத்தைப் பாருங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே வர, சராசரி வருஷா வருஷம் இறங்கினால், புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது இலக்குதான், நீங்கள் இல்லை.

இலக்கே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்து போனைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிற பத்து மணிக்கு, ஓர் எண் இருந்தால்தான் புத்தகம் கைக்கு வருகிறது. அதனால் குட்ரீட்ஸில் சுலபமாக எட்டக்கூடிய சின்ன எண் ஒன்றை வைத்திருக்கிறேன், ஸ்டோரிகிராஃபில் பக்கக் கணக்கு. இதுவரை படிக்காமலே விட்டவர்கள் புதிதாக ஆரம்பிக்கிறார்கள் என்றால் குட்ரீட்ஸ் மட்டுமே போதும், மாசம் ஒன்று என்று 12 போடுங்கள். ஏற்கெனவே நிறையப் படிக்கிறவர் என்றால் ஸ்டோரிகிராஃப்.

மதிப்பெண்: ஸ்டோரிகிராஃபுக்கு 3.75, கால் நட்சத்திரம்வரை கொடுக்க விடுகிறார்கள், கொடுத்தாயிற்று. குட்ரீட்ஸுக்கு 3.5 தரலாம்தான், ஆனால் அங்கே அரை நட்சத்திரம் கிடையாது, அதனால் 3.