இரவு தங்கும் ஊர்தியாக மூன்றாம் தலைமுறை பிரியஸ்

2010 முதல் 2015 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்பனையான மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் கார்), சியரா நெவாடா மலைப் பயணங்களுக்காக மாற்றியமைத்துப் பயன்படுத்தி வருகிறேன். பின்னிருக்கைகளை மடித்துப் பலகைத் தளமும் மெத்தையும் விரித்து, முன்னிருக்கைகளை முன்தள்ளினால் இருவர் படுக்கலாம்.

இதை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம், வண்டியை ‘ரெடி’ நிலையில், அதாவது அணைக்காமல் ஓடத் தயாரான நிலையில், விட்டால் பெரிய பேட்டரியே ஏசியை இயக்குவதும், சார்ஜ் குறையும்போது மட்டும் 1.8 லிட்டர் எஞ்சின் தானாகக் கிளம்பிச் சிறிது நேரம் ஓடி அடங்குவதும்தான். குளிர்காலத்தில் வெப்பம் வேண்டுமென்றால் எஞ்சின் இன்னும் அடிக்கடி ஓடும். ஆகவே மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் இவ்வாறு உறங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். பின்னிருக்கையின் ஓரத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கிறது. படுக்கை விரிக்கும் பலர் கவனிக்காத அந்த இடத்தைப் போர்வையோ பையோ மறைத்துவிடக் கூடாது.

தரையிலிருந்து அடிப்பகுதியின் உயரம் ஏறக்குறைய 140 மி.மீ. மட்டுமே என்பதால், வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தும் ஸ்பேசர்களை (சஸ்பென்ஷனில் வைக்கும் இடைத்துண்டுகள்) பொருத்தினேன். மண்சாலைகளில் உரசல் வெகுவாகக் குறைந்தது, செலவழித்ததில் மிகவும் பயன் தந்தது இதுவே. கரடுமுரடான டயர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ. தரும் வண்டியின் சிக்கனத்தை அவை குறைத்துவிடும்.